"என்னை மாத்திவிடுங்க மேடம்"

கல்லூரியில் மனநல ஆலோசகராக இருக்கிறேன். தன்பாலீர்ப்பு (ஆணுக்கு ஆண் மேலும் பெண்ணுக்குப் பெண் மேலும் வரும் ஈர்ப்பு) பற்றி எந்த மாணவரும் முதல் நாளே வாய் திறப்பதில்லை. தூக்கம் வரவில்லை, படிப்பில் மனசு நிற்கவில்லை என்றுதான் வருவார்கள். சில வாரங்கள் போன பிறகு, கதவு சாத்தியிருக்கிறதா என்று ஒரு தடவை பார்த்துவிட்டு, "இதுக்கு ஏதாவது மாத்திரை இருக்கா மேடம்?" என்பார்கள்.

நான் இருப்பது திருநெல்வேலிப் பக்கம். ஒரு பையன் (அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்) கந்த சஷ்டிக்குத் திருச்செந்தூரில் தங்கி ஆறு நாளும் விரதம் இருந்தான். பையன்கள் மேல் மனசு போகக் கூடாது, அதுதான் வேண்டுதல். சூரசம்ஹாரம் முடிந்து ஊர் திரும்பும்போது பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவனைப் பார்த்ததும் அதே நினைப்பு வந்துவிட்டது. "சாமியே என்னைக் கைவிட்டுட்டார் மேடம்" என்று அழுதான்.

வகுப்பில் மென்மையாகப் பேசும் இன்னொரு மாணவனை எல்லாரையும்விட மோசமாகக் கேலி செய்து வந்தவனும் இவன்தான். இதை நான் அடிக்கடி பார்க்கிறேன். தன்னை யாரும் சந்தேகப்பட்டுவிடக் கூடாதே என்ற பயம் அடுத்தவன் மேல் பாய்கிறது. கேலிக்கு ஆளானவனுக்குப் பாதுகாப்பு வேண்டும், அதில் விட்டுக்கொடுக்கவே கூடாது. ஆனால் கேலி செய்தவனுக்கு அபராதம் போட்டதோடு ஆசிரியர்கள் நிறுத்திக்கொண்டால் உள்ளே இருக்கும் காயம் அப்படியே இருக்கும்.

"இது அசிங்கம்னு உனக்கு முதல்ல யார் சொன்னா?" என்று அவனிடம் கேட்டேன். ரொம்ப நேரம் யோசித்தான். டி.வி.யில் வந்த ஒரு காமெடிக்குச் சித்தப்பா விழுந்து விழுந்து சிரித்தது, எட்டாம் வகுப்பில் பி.டி. வாத்தியார் அவன் நடையை எல்லார் முன்னாலும் நடித்துக் காட்டியது என்று ஒவ்வொன்றாக வந்தன. சின்ன வயதில் காதில் விழுந்தவை இன்று அவன் குரலிலேயே அவனைத் திட்டுகின்றன. எது தன்னுடையது, எது அடுத்தவர் சொன்னது என்று பிரித்துப் பார்க்க மாதக்கணக்கில் ஆகும். முதல் நாளே "பெருமையா இரு" என்று சொன்னால் அடுத்த வாரம் வர மாட்டான். விரதத்தையும் நான் விடச் சொல்லவில்லை. முருகனுக்குக் கோபம் என்று யார் வந்து சொன்னார்கள் என்று மட்டும் கேட்டேன்.

தன்னைப் பற்றி இன்னும் நிச்சயமாகத் தெரியாதவர்களும் வருகிறார்கள். அவர்களுக்கு நாம் எந்தப் பெயரும் வைக்க வேண்டாம்.

வீட்டில் சொல்வதா வேண்டாமா என்பது அவரவர் முடிவு. ஃபீஸும் சாப்பாடும் அப்பா கையில் இருக்கும்போது வேலை கிடைக்கும்வரை பொறுத்திருப்பது கோழைத்தனமாகாது. பெண் பிள்ளைகள் விஷயத்தில் இன்னும் கவனம் தேவை. போனைப் பிடுங்கி, படிப்பை நிறுத்தி, அவசரமாக மாப்பிள்ளை பார்த்துவிடுவார்கள். அதனால், உயிருக்கு ஆபத்து என்றால் தவிர எதுவும் இந்த அறையைத் தாண்டாது என்று முதலிலேயே சொல்லிவிடுவேன்.

விஷயம் தெரிந்த பெற்றோர் வந்தால், "டாக்டர்கிட்ட காட்டினா சரியாகுமா?" என்பார்கள். நோய்ப் பட்டியலிலிருந்து உலக சுகாதார நிறுவனம் இதை 1990இலேயே எடுத்துவிட்டது என்று சொல்வேன். அதைவிட அவர்களைத் தொடுவது 2021 ஜூன் 7 அன்று சென்னை உயர் நீதிமன்றம் கொடுத்த உத்தரவு. நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் தனக்கும் இது சரியாகப் புரியவில்லை என்று ஒரு உளவியலாளரிடம் போய் உட்கார்ந்து கேட்டுத் தெரிந்துகொண்டார், அதைத் தீர்ப்பிலும் எழுதினார். இந்த ஈர்ப்பை மாற்றுகிறேன் என்று செய்யும் சிகிச்சை முயற்சிகளுக்குத் தடையும் போட்டார். அடுத்த ஆண்டே தேசிய மருத்துவ ஆணையம் அந்த சிகிச்சையைத் தொழில் ஒழுக்க மீறல் என்று அறிவித்தது. ஒரு நீதிபதியே படித்துத் தெரிந்துகொண்டார் என்றதும் பல அப்பாக்களின் முகம் கொஞ்சம் இளகுவதைப் பார்த்திருக்கிறேன்.

அதனால் ஊசி போட்டு, ஹார்மோன் கொடுத்துச் சரிசெய்கிறேன் என்று யாராவது சொன்னால் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். ராத்திரி நேரத்தில் பேச ஆள் வேண்டுமென்றால் அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416 இருக்கிறது. இலவசம், தமிழிலும் பேசலாம். மாணவர் அடையாள அட்டையின் பின்பக்கம் அந்த எண்ணை அச்சிடச் சொல்லி எங்கள் நிர்வாகத்திடம் மனு கொடுத்திருக்கிறேன். உங்கள் கல்லூரியிலும் கேளுங்கள்.