ரஸ்க் டப்பாவும் ராத்திரி இரண்டு மணியும்

மகன் பிறந்து நாலாவது மாதம். ஒரு ராத்திரி இரண்டு மணி இருக்கும், சமையலறையில் விளக்குகூடப் போடாமல் நின்றபடி ரஸ்க் தின்றுகொண்டிருந்தேன். ஒன்று இரண்டு இல்லை. கடைசியில் டப்பாவின் அடியில் தூள்தான் மிச்சம். அதையும் உள்ளங்கையில் தட்டி வாயில் போட்டுக்கொண்டேன். காலையில் கணவர் டீக்கு ரஸ்க் தேடியபோது, "எறும்பு வந்துடுச்சு, கொட்டிட்டேன்" என்றேன். சாப்பாட்டு விஷயத்தில் அவரிடம் நான் சொன்ன முதல் பொய் அது.

கர்ப்பமாக இருந்தபோதுகூட எனக்கு இப்படிப் பசித்ததில்லை. பிள்ளை குடித்து முடித்ததும் வயிற்றை யாரோ கரண்டியால் வழித்து எடுத்த மாதிரி இருக்கும். கை லேசாக நடுங்கும். சாப்பிட்டு ஒரு மணி நேரம்கூட ஆகியிருக்காது. அதைப் பசி என்று சொல்லவே கூச்சம். நாக்கு ருசி கண்டுவிட்டது என்றுதான் என்னை நானே திட்டிக்கொண்டேன்.

திட்டுவதற்குக் காரணம் தராசு. கர்ப்பத்துக்கு முன்னால் 61 கிலோ இருந்தேன். பிரசவத்துக்கு முந்தின வாரம் 75. சிசேரியன் முடிந்து வீட்டுக்கு வந்து பத்து நாளில் 69. மீதியெல்லாம் பால் கொடுத்தாலே கரைந்துவிடும் என்று பார்க்க வந்தவர்கள் எல்லாரும் சொன்னார்கள். மூன்றாம் மாத முடிவில் ஏறி நின்றால் 73. கரைவதற்குப் பதிலாக நாலு கிலோ கூடியிருந்தது.

அந்த நாலு கிலோ எங்கிருந்து வந்தது என்பது ரகசியமில்லை. மூன்று மாதமும் திருநெல்வேலியில் அம்மா வீட்டில் இருந்தேன். காலையில் பிரசவ லேகியம் ஒரு நெல்லிக்காய் அளவு. மதியம் பூண்டுக் குழம்போ சுறாப் புட்டோ இருக்கும், சோறு குவித்து வைத்திருக்கும். சாயங்காலம் உளுந்தங்களி. கறுப்பு உளுந்து மாவையும் கருப்பட்டிப் பாகையும் அம்மா இரும்புச் சட்டியில் கிண்டும்போது கை வலிக்க வலிக்க நல்லெண்ணெய் ஊற்றிக்கொண்டே இருப்பாள். களி சட்டியில் ஒட்டாமல் பந்தாகத் திரண்டு வந்த பிறகும் விடமாட்டாள். உருட்டித் தட்டில் வைத்து, நடுவில் விரலால் குழி செய்து, அதில் இன்னும் ஒரு கரண்டி எண்ணெய். "எனக்கு வேண்டாம்மா" என்றால் ஆச்சி திண்ணையிலிருந்தே குரல் கொடுப்பாள்: "ஏட்டி, பச்சை உடம்புக்காரி வேண்டாம்னு சொல்லப்பிடாது. இடுப்பு பிடிக்கணும்லா."

களியைக் குறை சொல்ல எனக்கு மனசு வராது. உளுந்தில் புரதம் இருக்கிறது, கருப்பட்டியும் நல்லெண்ணெயும் அறுவடைக்குப் போய்வந்த உடம்புக்கு ஏற்றவை. நான்தான் கட்டிலை விட்டு இறங்காமல் அதைத் தின்றேன். ஆனால் ஒரு விஷயத்தில் அவர்களோடு எனக்கு இன்றைக்கும் கோபம் உண்டு: தண்ணீர். நிறையக் குடித்தால் வயிறு பெருத்துவிடும், தையல் ஆறாது என்று சொல்லி ஒரு நாளைக்கு மூன்று டம்ளர் வெந்நீர்தான் கொடுத்தார்கள். பிள்ளை வாய் வைத்துப் பால் இறங்கத் தொடங்கும்போது நாக்கு வறளும் பாருங்கள், அது பால் கொடுத்தவர்களுக்குத்தான் தெரியும். பாலில் பெரும்பங்கு தண்ணீர்தான், அது என் உடம்பிலிருந்துதான் போகிறது. எனக்கு மலச்சிக்கலும் தலைவலியும் வந்ததுதான் மிச்சம். அப்போது பசி என்று நினைத்து நான் தின்றதில் கொஞ்சம் தாகமாகவும் இருந்திருக்கும்.

நாலாம் மாதம் சென்னைக்கு வந்தோம். ஒரு கல்யாணத்துக்குக் கிளம்பும்போது ரவிக்கையின் ஒரு கொக்கிகூட எட்டவில்லை. அன்றைக்கு ராத்திரி போனில் தேடி ஒரு டயட்டைப் பிடித்தேன். பதினாறு மணி நேரம் சாப்பிடக் கூடாது, சோறு கிடையாது, பசித்தால் கிரீன் டீ. பால் கொடுப்பவர்களுக்கு என்று அதில் ஒரு வரிகூட இல்லை. எனக்கும் அது தோன்றவில்லை. முதல் இரண்டு நாள் பெருமையாக இருந்தது. மூன்றாம் நாள் எரிச்சல், யாரைப் பார்த்தாலும் கத்தினேன். ஐந்தாம் நாள் காலையில் பிள்ளையைக் குளிப்பாட்டிவிட்டுத் துண்டோடு தூக்கி நிமிர்ந்தேன். கண் இருட்டியது. குளியலறைக் கதவில் முதுகைச் சாய்த்து அப்படியே சரிந்து உட்கார்ந்துவிட்டேன். பிள்ளை கையில்தான் இருந்தான், அடி ஏதும் படவில்லை. ஆனால் அந்த ஈரத் தரையை நினைத்தால் இப்போதும் வயிறு கலங்குகிறது.

அன்றைக்கு மதியமே பிள்ளையைக் குழந்தை மருத்துவரிடம் காட்டினோம். எனக்குப் பால் வற்றிவிட்டது என்று முடிவே கட்டியிருந்தேன், ஏனென்றால் இரண்டு நாளாக ஒரு மணி நேரத்துக்கு ஒரு தரம் குடித்துக்கொண்டே இருந்தான். அவர் எடை பார்த்தார், அட்டையில் புள்ளி வைத்தார், கோடு மேலே போய்க்கொண்டுதான் இருந்தது. ஒரு நாளைக்கு எத்தனை தடவை ஒன்றுக்குப் போகிறான் என்று கேட்டார். ஏழெட்டு என்றேன். "அப்ப அவனுக்குப் பால் போதுது. வளர்ற பிள்ளை நடுவுல நாலு நாள் இப்படித்தான் பிடுங்கும். நீங்க காலையில என்ன சாப்பிட்டீங்க?" என்றார். கிரீன் டீ என்று சொல்லும்போது எனக்கு அழுகை வந்துவிட்டது.

அவர் மருந்துச் சீட்டின் பின்னால் போட்டுக் காட்டிய கணக்குதான் எனக்கு எல்லாவற்றையும் மாற்றியது. தாய்ப்பால் 100 மில்லியில் 65 கலோரிக்குக் குறையாமல் இருக்கும். ஒரு நாளைக்கு முக்கால் லிட்டர் சுரந்தால் கிட்டத்தட்ட 500. அதைத் தயாரிக்க உடம்புக்கு ஆகும் செலவு தனி. அதனால்தான் முதல் ஆறு மாதம் தாய்க்கு ஒரு நாளைக்கு 600 கலோரி கூடுதலாக வேண்டும், அதன் பிறகு 520 என்று ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில்) வைத்திருக்கிறது. "இந்த 600ல பாதியைச் சாப்பாட்டுல எடுங்க, பாதியை உடம்புல இருக்கிற கொழுப்பு கொடுக்கட்டும். மாசம் ஒரு கிலோ இறங்கும். வாரம் அரை கிலோவுக்கு மேல இறங்குச்சுன்னா என்கிட்ட வாங்க" என்றார். தைராய்டு ரத்தப் பரிசோதனையும் எழுதிக் கொடுத்தார், பிரசவத்துக்கு அப்புறம் சிலருக்கு அதில் கோளாறு வருமாம். எனக்குச் சரியாக இருந்தது. இரும்புச்சத்து மாத்திரையையும் கால்சியத்தையும் பாதியில் நிறுத்தியிருந்தேன். பிரசவத்துக்குப் பிறகு ஆறு மாதம் போட வேண்டும் என்று அதற்கும் திட்டு விழுந்தது.

வீட்டில் பிள்ளை எந்தப் பக்கம் எவ்வளவு நேரம் குடித்தான் என்று எழுதும் ஒரு நோட்டு இருந்தது. அதன் ஓரத்தில் எனக்குப் பசித்த நேரத்தையும் எழுத ஆரம்பித்தேன். ஒரு வாரத்தில் விஷயம் பிடிபட்டது. பசி கண்டபடி வரவில்லை. பத்தரை, சாயங்காலம் நாலரை, ராத்திரி இரண்டு. மூன்று நேரம்தான். காலையில் நாலு இட்லியும் தேங்காய்ச் சட்னியும் சாப்பிட்ட நாளில் பத்தரைக்குக் கை நடுங்கியது. அடையோ, பச்சைப்பயறுத் தோசையோ, இரண்டு இட்லியோடு இரண்டு முட்டையோ சாப்பிட்ட நாளில் பன்னிரண்டு மணி வரை ஞாபகமே வரவில்லை. மதியம் அவசரத்தில் ரசம் சோறு மட்டும் சாப்பிட்டால் நாலரை மணிப் பசி நாலு மணிக்கே வந்துவிடும். பகலில் எதைக் குறைத்தேனோ அதை ராத்திரி இரண்டு மணி வட்டியோடு வசூல் பண்ணியது. டயட் இருந்த அந்த ஐந்து நாளில்தான் ரஸ்க் வாங்கியே வைக்கக் கூடாது என்று கணவரிடம் சொல்லியிருந்தேன். இல்லாவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று தெரியாது.

அதனால் ஒரே ஒரு முடிவு எடுத்தேன்: பசி வருவதற்கு அரை மணி முன்னால் சாப்பிட்டுவிடுவது. பத்து மணிக்கு மோர், கூட ஒரு கொய்யா. நாலு மணிக்குச் சுண்டல், கடலையோ தட்டப்பயறோ எது ஊறியிருக்கிறதோ அது. மதியச் சோறு ஒரு கரண்டி குறைந்தது, கூட்டும் முருங்கைக்கீரையும் அந்த இடத்தில் ஏறின. ராத்திரிக்குக் கட்டில் பக்கத்தில் ஒரு எவர்சில்வர் டப்பா. அதில் உரித்த அவித்த முட்டை ஒன்று, ஒரு கைப்பிடி வறுத்த வேர்க்கடலை, பக்கத்தில் ஒரு வாழைப்பழம். உரித்தே வைக்க வேண்டும் என்பதை இரண்டாம் நாள்தான் கற்றேன். மடியில் பிள்ளை குடித்துக்கொண்டிருக்கும்போது ஒரு கைதான் சும்மா இருக்கும், ஒற்றைக் கையால் முட்டை உரிக்க முடியாது. படுக்கை முழுக்க ஓடு. ஒவ்வொரு தடவை பால் கொடுக்க உட்காரும்போதும் கைக்கெட்டும் இடத்தில் ஒரு சொம்புத் தண்ணீர். சிறுநீர் வெளிறிய மஞ்சளில் இருந்தால் போதும் என்று விட்டுவிட்டேன், அதிகமாகக் குடித்தால் பால் கூடிவிடும் என்பதெல்லாம் இல்லை.

நடைதான் உடற்பயிற்சி. சாயங்காலம் மொட்டை மாடியில் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு இருபத்தைந்து நிமிஷம். சில நாள் அதுவும் கிடையாது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மட்டும் தராசு. முதல் மூன்று வாரம் 73லேயே நின்றது. அத்தை வந்தபோது, "இவ்வளவு சாப்பிட்டா எப்படிம்மா இறங்கும்?" என்று சிரித்தார். நாலாவது வாரம் 72.2. எட்டாம் மாதம் 69. நடுவில் 26 வார விடுப்பு முடிந்து வேலைக்குப் போனேன், அங்கே பம்ப் வைத்துப் பால் எடுத்ததும் அதே வழித்தெடுத்த பசி, அதற்காக மேஜை டிராயரில் இன்னொரு டப்பா. திட உணவு ஆரம்பித்ததும் எனக்குப் பசி குறையும் என்று பார்த்தேன். குறையவில்லை, கூடவே ஒரு புதுத் தொல்லை வந்தது. அவன் துப்பியதும் தள்ளியதும் போக மிஞ்சிய பருப்புச் சோறும் ராகிக் கூழும் வீணாகக் கூடாது என்று என் வாய்க்குள் போயின. அந்த மாதம் எடை அசையவே இல்லை. அடுத்த மாதம் அவனுக்கு வைக்கும் அளவையே பாதியாக்கினேன், வேண்டுமென்றால் மறுபடி வைக்கலாம். பத்தாம் மாதம்தான் பசி தானாக இறங்கியது. அவன் ராத்திரி ஒரு தடவைக்கு மேல் எழாமல் போனதும் அதே சமயம்தான்.

இப்போது அவனுக்குப் பதின்மூன்று மாதம், எனக்கு 64. இன்னும் மூன்று கிலோ பாக்கி. ராத்திரிப் பால் தொடர்கிறது. போன வாரம் கட்டிலைப் பிடித்து நின்றவன் என் எவர்சில்வர் டப்பாவின் மூடியைத் திறந்துவிட்டான். வேர்க்கடலை அவன் தொண்டையில் சிக்கினால் என்ன ஆவது என்று பதறி அதைத் தூக்கி அலமாரி மேல் வைத்தேன். ராத்திரி எழுந்து ஸ்டூல் போட்டு ஏறி எடுக்கச் சோம்பலாக இருக்கிறது. தண்ணீரைக் குடித்துவிட்டுப் படுத்துவிடுகிறேன்.