கடை பூட்டும் நாட்கள்

2024 மே 3, வெள்ளி

அனுமதிக் கடிதம் இன்றும் வரவில்லை. எங்கள் வைத்தியசாலையின் வெளிநோயாளர் பிரிவுக்குப் பின்னால், பல் வைத்தியரின் உடைந்த கதிரை கிடக்கும் அறையை, மனநலத்துக்கும் மதுவுக்குமான கிளினிக் நடத்த எங்களுக்குத் தருவதாக வாய்மொழியாகச் சொல்லி நான்கு மாதங்களாகின்றன. கூட்டித் துடைத்துவிட்டு மறுபடியும் பூட்டினேன். சாவி என்னிடம் இருக்கிறது, அனுமதிதான் இல்லை.

மே 6, திங்கள்

கிணற்றடி அண்ணாவின் வீட்டுக்குப் போனேன். எப்போது போனாலும் கிணற்றுக் கட்டில்தான் இருப்பார் என்பதால், இந்தக் குறிப்புகளில் அவருக்கு அதுவே பெயர்.

அவரிடம் இரண்டு கிளினிக் கொப்பிகள் இருக்கின்றன. மனநல கிளினிக்கின் கொப்பியில், குடியை நிறுத்திய பின்னர் வரவும் என்று எழுதியிருக்கிறது. மது ஆலோசனைக்குப் போன இடத்தில் கொடுத்த மற்றக் கொப்பியில், முதலில் மனநல வைத்தியரிடம் சிகிச்சை பெற்று வரவும் என்று எழுதியிருக்கிறது. இரண்டும் ஒரே மாதத்தில், இரண்டு வெவ்வேறு ஊர்களில் எழுதப்பட்டவை. ஒவ்வொன்றுக்கும் அவர் இரண்டு பஸ் மாறிப் போய், ஒரு நாள் கூலியை இழந்திருக்கிறார். கொப்பிகளை என் மடியில் வைத்துவிட்டு, "ரெண்டு பேரும் சரியாத்தான் எழுதியிருக்கினம் தங்கச்சி, நான்தான் ரெண்டாப் பிரிஞ்சு போகேல்லை" என்றார். சிரிப்பதா என்று தெரியாமல் கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தேன்.

குடிப்பழக்கத்தை அளக்கும் உலக சுகாதார நிறுவனத்தின் பத்துக் கேள்விகளையும் கேட்டேன். நாற்பது புள்ளிகளில் இருபதை எட்டினாலே மதுவில் தங்கிவாழும் நிலையைச் சந்தேகிக்க வேண்டும். அவருக்கு 31 வந்தது. இரண்டாவது கேள்வியில் வழமைபோலத் தடுமாறினோம். அந்தத் தாள் பத்துக் கிராம் மதுசாரத்தை ஓர் அளவாகக் கொள்கிறது, எங்கள் ஊரோ கால் போத்தலில் கணக்குப் பார்க்கிறது. கால் போத்தல் என்பது 180 மில்லிலீற்றர், சாராயம் 33.5 சதவீதமானால் அதற்குள் ஏறத்தாழ 48 கிராம் இருக்கும், அதாவது தாளின் கணக்கில் ஐந்துக்குச் சற்றுக் குறைவு. இதைக் கொப்பியின் ஓரத்தில் அவரும் நானுமாகப் பெருக்கிப் பார்த்தோம். காசில்லாத நாட்களில் குடிக்கும் கசிப்புக்கு, அந்தக் கள்ளச்சாராயத்துக்கு, எந்தக் கணக்கைப் போடுவது என்று அவர் கேட்டார். தாளில் அதற்கு இடமில்லை.

மே 7, செவ்வாய்

கடிதம் இல்லை.

மே 10, வெள்ளி

இன்று ஒரு சொல்லால் தோற்றேன். கிணற்றடி அண்ணாவின் தாயாரிடம், மகனுக்குச் சிகிச்சையோடு புனர்வாழ்வு உதவியும் எடுக்கலாம் என்று சொன்னேன். அவர் எழுந்து போய்ப் படலையைச் சாத்தினார். "அவனை ஒருக்கா அந்தச் சொல்லைச் சொல்லித்தான் கொண்டு போனவங்கள் பிள்ளை. ரெண்டு வருசம் முகாம் வாசல்ல நிண்டனான். திரும்பவும் அந்தச் சொல்லோட இந்த வளவுக்குள்ள வராதை."

தவறு என்னுடையதுதான். 2009இல் போர் முடிந்த பின்னர் ஏறத்தாழ 12,000 பேர் புனர்வாழ்வு என்ற பெயரில் முகாம்களில் வைக்கப்பட்ட மண்ணில், அந்தச் சொல்லுக்கு அகராதியில் உள்ள பொருள் இருக்க முடியாது. அப்போது அதை நடத்திய அதே புனர்வாழ்வுப் பணியகம்தான் பின்னர் பொலன்னறுவை மாவட்டத்தின் கந்தக்காடு போன்ற இடங்களில் போதைப்பொருளுக்கு அடிமையானவர்களையும் பொறுப்பேற்றது. 2023இல் அதற்கென்று தனிச் சட்டமே வந்தது. ஆகவே அந்தத் தாயின் அச்சத்தை அறியாமை என்று நான் அறிக்கையில் எழுத மாட்டேன். சீருடை அணிந்தவர்களின் கையில் இருக்கும் ஒரு சொல்லை வைத்தியசாலையின் வாயால் சொன்னால் வைத்தியசாலைக்கும் சீருடை வந்துவிடுகிறது என்பதை, பயிற்சிக்கு வந்த எந்த விரிவுரையாளரும் எங்களுக்குச் சொல்லவில்லை.

அறை கிடைத்தால் வாசற்பலகையில் என்ன எழுதுவது என்ற யோசனை அப்போதே தொடங்கிவிட்டது. மனநலம் என்றால் ஊர் விசர் என்று வாசிக்கும். மது என்றால் பெண்கள் ஒருவரும் வரமாட்டார்கள். வெறும் இலக்கம் போட்டால் என்ன?

மே 12, ஞாயிறு

நித்திரை இல்லை. அப்பாவின் சைக்கிளில் ஒரு மணி இருந்தது. வெறியில் வரும் இரவுகளில் அவர் அதை அடிப்பதில்லை, ஆகையால் ஒழுங்கையில் மணி கேட்டால் அது நல்ல இரவு. இருபத்தைந்து வருடங்களுக்குப் பிறகும் இரவில் எந்தச் சைக்கிள் போனாலும் நான் விழித்துக்கொள்கிறேன்.

மே 15, புதன்

குடும்பநல உத்தியோகத்தருடன் மூன்று வீடுகளுக்குப் போனேன். அவர் கர்ப்பிணிகளின் எடை பார்க்கப் போகும் வீடுகளில்தான் எனக்கு வேண்டியவர்களும் இருக்கிறார்கள். அவருக்கு எல்லா வீட்டுப் படலையும் திறக்கும், எனக்குத் திறக்காது. இந்தச் சேவையை உள்ளூருக்குக் கொண்டுவருவதில் எனக்கு இருக்கும் ஒரே நம்பிக்கை இதுதான், அதாவது புதிதாக ஒரு கட்டடம் எழுப்புவதல்ல, ஏற்கெனவே வீட்டுக்குள் போகிறவரின் பையில் எங்கள் தாளையும் வைத்துவிடுவது. அவரும் ஒன்பது கேள்விகள் உள்ள மனச்சோர்வுத் தாளைப் பழகியிருக்கிறார். எட்டை நன்றாகக் கேட்கிறார், ஒன்பதாவதை மட்டும் முணுமுணுப்பாகத் தாண்டிவிடுகிறார். செத்துப்போனால் நல்லது என்ற எண்ணம் வந்ததா என்று கேட்டால், இல்லாத எண்ணத்தை நாங்களே விதைத்துவிடுவோமோ என்பது அவருடைய பயம். கேட்பதால் அந்த எண்ணம் வருவதில்லை, கேளாமல் விட்டால் இருப்பதும் சொல்லப்படாமல் போகிறது என்று வழி நெடுக விளக்கினேன்.

மூன்றாவது வீட்டில், நுண்கடன் தவணை வசூலிக்க வருகிறவர் முற்றத்தில் நின்றிருந்தார். அவர் போகும் வரை நாங்கள் கிணற்றடியில் காத்திருந்தோம். அந்தப் பெண் ஒன்பதாவது கேள்விக்கு, "கிழமையில ஒரு நாள், வியாழக்கிழமை" என்று பதில் சொன்னார். தவணை நாள் எதுவென்று நான் கேட்கவில்லை. இன்று புதன், ஒரு நாள் முந்தி வந்திருக்கிறார்கள்.

பயிருக்கு அடிக்கும் பீடைகொல்லிப் போத்தல் எங்கே இருக்கிறதென்று மட்டும் கேட்டு, அதை மாமியாரின் பெட்டகத்தில் வைத்துப் பூட்டச் செய்தோம். 1995இல் இந்த நாட்டில் ஒரு இலட்சம் பேரில் ஏறத்தாழ 47 பேர் தம்முயிரை மாய்த்தார்கள். கொடிய பீடைகொல்லிகளை ஒவ்வொன்றாகத் தடை செய்த பிறகே, பரகுவாற் உட்பட 2008 முதல் 2011 வரை நிறுத்தப்பட்டவையும் சேர்த்து, அந்த எண் பெருமளவு குறைந்தது. மனங்கள் அதற்குள் ஆறிவிட்டன என்று எவரும் சொல்ல மாட்டார்கள். கைக்கெட்டிய தூரத்தில் இருந்தது தள்ளிப்போனது, அவ்வளவுதான். பெட்டகத்தின் பூட்டை நான் இரண்டு தடவை இழுத்துப் பார்த்தேன்.

மே 18, சனி

நினைவுநாள் கஞ்சி. முள்ளிவாய்க்காலில் கிணற்றடி அண்ணாவைக் கண்டேன். இருவரும் பேசவில்லை.

மே 21, செவ்வாய்

நாளை மறுநாள் வெசாக் போயா, பௌத்தர்களின் பௌர்ணமி விடுமுறை. வியாழனும் வெள்ளியும் மதுக்கடைகள் பூட்டு. ஊரே இதை ஒரு நல்ல காரியமாகத்தான் பார்க்கிறது, நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் பார்த்தேன். ஆனால் இருபது வருடங்களாக நாளாந்தம் குடித்த உடம்புக்கு, திடீரென்று நிறுத்துவது தண்டனையாக அல்ல, ஆபத்தாகவே வருகிறது. சில மணித்தியாலங்களில் கை நடுங்கத் தொடங்கும். இரண்டு நாட்களுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாவது நாளிலிருந்து நான்காவது நாளுக்குள் புத்தி தடுமாறி, இல்லாதவை கண்ணில் தெரியும். கவனிக்க ஆளில்லாவிட்டால் உயிருக்கே மோசமாகலாம். அல்லது கடை பூட்டிய நாளில் கசிப்பைத் தேடிப் போவார், அது வேறோர் ஆபத்து. போயாவுக்குப் போயா இது நடக்கிறது, வீட்டுக்காரர் அதைப் பேய் பிடித்தது என்று சொல்லி நூல் கட்டக் கூட்டிப்போகிறார்கள். பூசாரியிடம் எனக்குக் கோபமில்லை, இந்த ஊரில் இரவு பத்து மணிக்குக் கதவு திறக்கிறவர் அவர் ஒருவர்தான்.

மாலை போய், இரண்டு நாட்களுக்கு மட்டும் எங்கள் வைத்தியசாலை விடுதியில் வந்து படுங்கள் என்று கிணற்றடி அண்ணாவிடம் கேட்டேன். என்ன வருத்தம் என்று துண்டில் எழுதுவீர்கள் என்றார். காய்ச்சல் என்று எழுதச் சொல்லவா என்று கேட்டேன். "பொய் எழுத வேண்டாம். ஆனா அந்தச் சொல்லும் வேண்டாம்." தாயார் உள்ளே நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

மே 22, புதன்

வந்தார். கடைசியாகக் குடித்தது நேற்றிரவு ஒன்பது மணி. குடிகாரருக்கெல்லாம் கட்டில் கொடுத்தால் நோயாளிகளை எங்கே போடுவது என்று விடுதியில் ஒருவர் எனக்குக் கேட்கும்படியாகச் சொன்னார். பதில் சொல்லாமல் கட்டிலுக்கு நானே விரிப்பு விரித்தேன். இளம் வைத்தியர் மாவட்ட வைத்தியசாலையின் மனநல வைத்தியருக்குத் தொலைபேசி எடுத்து, மருந்தின் அளவைக் கேட்டு எழுதிக்கொண்டார். குளுக்கோஸ் ஏற்றுவதற்கு முன் தயமின் என்ற உயிர்ச்சத்தைப் போட வேண்டும் என்பதை இரண்டு தரம் கேட்டு உறுதிப்படுத்தினார். உரையாடல் ஆறு நிமிடம்தான். இந்த ஆறு நிமிடத்துக்காகத்தான் இவ்வளவு காலமும் மக்கள் இரண்டு பஸ் மாறினார்கள், அதற்கும் முந்திய தலைமுறை முந்நூறு கிலோமீற்றருக்கு அப்பால் அங்கொடை மனநல வைத்தியசாலைக்குப் போனது.

மே 23, வியாழன், வெசாக்

இரவு முழுவதும் விடுதியில் நின்றேன். வீதியில் வெசாக் விளக்குக் கூடுகள் எரிந்தன. பதினொரு மணிக்குப் பிறகு அவர் எழுந்து, கட்டிலுக்குக் கீழே போய், பக்கத்துக் கட்டில் ஐயாவின் காலைப் பிடித்து இழுத்து, "தலையைக் குனியுங்கோ, செல் வருது, பிள்ளையளை முதல் இறக்குங்கோ" என்று கத்தினார். வியர்வையில் சட்டை ஒட்டியிருந்தது. இது மது விட்ட மயக்கமா, அன்றைய நினைவா என்று வைத்தியரிடம் கேட்டேன். நாடி பார்த்துக்கொண்டே, இப்போது இரண்டும் ஒரே உடம்பில்தான் இருக்கின்றன, முதலில் உடம்பை அமைதிப்படுத்துவோம் என்றார். ஊசி போட்டார்கள். காலை இழுக்கப்பட்ட ஐயா சத்தம் போடவில்லை. அவரும் இறங்கி நிலத்தில் குந்தியிருந்து, "இறக்கியாச்சு தம்பி, எல்லாரையும் இறக்கியாச்சு" என்று அவருடைய முதுகைத் தடவிக்கொண்டிருந்தார்.

இந்த இரவை எந்தக் கொப்பியில் எழுதுவது?

மே 24, வெள்ளி

ஒன்பது மணித்தியாலம் தூங்கினார்.

மே 27, திங்கள்

கடிதம் வந்தது. மாதத்தில் இரண்டு செவ்வாய்க்கிழமை, காலை எட்டிலிருந்து பன்னிரண்டு வரை, வைத்தியர் ஒருவர், நான் ஒருத்தி. பலகைக்குரிய வாசகமும் கடிதத்திலேயே இருக்கிறது. "மனநல மற்றும் போதைப்பொருள் புனர்வாழ்வுப் பிரிவு."

மூன்று இடங்களுக்குத் தொலைபேசி எடுத்தேன். பெயர் மேலிடத்தில் முடிவானது, மாற்றுவதற்குப் புதிய கடிதம் வேண்டும் என்றார்கள். எழுதிவிட்டேன்.

மே 29, புதன்

கிணற்றடி அண்ணா நேற்று வீட்டுக்குப் போனார். அடுத்த திகதியைப் புதிய கொப்பியில் எழுதிக் கொடுத்தேன். இனி இந்த ஒரு கொப்பி போதும் என்றேன், பழைய இரண்டையும் திருப்பித் தரமாட்டேன் என்று பிடிவாதமாகச் சொன்னார். காரணம் கேட்டதற்கு, சாட்சி என்றார்.

யூன் 2, ஞாயிறு

மணி கேட்டது. எங்கள் ஒழுங்கையில் இப்போது எவரிடமும் மணி உள்ள சைக்கிள் இல்லை.

யூன் 4, செவ்வாய்

முதல் கிளினிக். பலகை எழுதுகிறவர் நேற்றே கொண்டுவந்துவிட்டார், நீல எழுத்து, மிக அழகாகத்தான் இருக்கிறது. அதைச் சுவரைப் பார்க்கத் திருப்பிப் பல் வைத்தியரின் கதிரையில் சாத்தி வைத்திருக்கிறேன். வாசலில் ஏழாம் இலக்க அறை என்று தாளில் எழுதி ஒட்டினேன். கேட்டால் பசை காயவில்லை என்று சொல்வேன்.

பதினொரு மணிக்குள் ஆறு பேர் வந்தார்கள். ஒருவர் நீரிழிவுக் கிளினிக் என்று நினைத்து வந்தவர், அவரையும் இருத்தினோம், அவருக்கும் நித்திரை இல்லையாம். வியாழக்கிழமைப் பெண்ணைக் குடும்பநல உத்தியோகத்தர் தன் ஸ்கூட்டியிலேயே ஏற்றி வந்தார்.

11.40. கிணற்றடி அண்ணாவின் தாயார் தனியாக வந்திருக்கிறார். மூன்று கொப்பிகளையும் ஒரு நூலால் கட்டிக் கொண்டுவந்து மேசையில் வைத்துவிட்டு, "அவன் உள்ளுக்கையோ பிள்ளை? விடிய ஆறு மணிக்கே சைக்கிள்ல வெளிக்கிட்டவன், கொப்பியை விட்டிட்டு வந்திட்டான்" என்கிறார்.

இங்கே வரவில்லை. வீதி வரை போய்ப் பார்த்துவிட்டு வந்து எழுதுகிறேன்.