புள்ளடி ஆசனமாகும் கணக்கு: வாக்கெண்ணும் மேசையில் ஓர் இரவு

2024 நவம்பர் 14 இலங்கைப் பாராளுமன்றத் தேர்தலுக்கு எனக்கு வாக்கெண்ணும் கடமை கிடைத்தது. நிலையம் யாழ். மத்திய கல்லூரி. பிரதேச செயலகத்தில் வேலை செய்பவர்களுக்குத் தேர்தல் கடமை புதிதல்ல. ஆனால் எண்ணும் மேசையில் நான் இருந்தது அதுதான் முதல் தடவை. இனிக் கடமைக்குப் போகிறவர்களுக்கும், அதைவிட வாக்குப் போடப் போகிறவர்களுக்கும் உதவட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

கடமைக்குப் போகக்கூடியவர்கள் தேர்தல் அறிவித்த கையோடு தபால்மூல வாக்குக்கு விண்ணப்பித்துவிட வேண்டும். கடமைக் கடிதம் வரட்டும் என்று பார்த்திருந்தால் திகதி முடிந்துவிடும். அப்புறம் பயிற்சி வகுப்பு, இரகசியம் காப்பதாக உறுதிமொழி, உள்ளே கைத்தொலைபேசி கொண்டுபோகத் தடை. இவையெல்லாம் சிரமமில்லை. இரவிரவாக விழித்திருக்கும் தெம்போடு போனால் போதும்.

மாலை நான்கு மணிக்கு வாக்களிப்பு முடிகிறது. பெட்டிகள் வந்து சேர நேரமெடுக்கும். தீவுப் பக்கத்துப் பெட்டிகள் கடல் கடந்து வரவேண்டும். வந்ததும் முத்திரை சரியா என்று கட்சி முகவர்களின் கண்முன்னே பார்த்துத் திறப்பார்கள். சீட்டுகளின் தொகை வாக்களிப்பு நிலையத்திலிருந்து வந்த கணக்கோடு ஒத்துப்போக வேண்டும். அதற்குப் பிறகுதான் கட்சி கட்சியாகப் பிரிப்பது.

அந்தச் சீட்டைக் கையில் பிடித்துப் பார்த்தால்தான் விளங்கும். நாற்பதுக்கு மேற்பட்ட கட்சிகளும் சுயேச்சைக் குழுக்களும் பெயரும் சின்னமுமாக நீளத்துக்கு வரிசையாக நிற்கின்றன. கீழே 1 முதல் 9 வரை இலக்கங்கள். யாழ். மாவட்டத்துக்கு ஆறு ஆசனம் என்பதால் ஒவ்வொரு பட்டியலிலும் மூன்று பேர் கூடுதலாக, ஒன்பது வேட்பாளர்கள். அவர்களின் பெயர் சீட்டில் இராது, இலக்கம் மட்டுந்தான். விரும்பிய கட்சிக்கு நேரே ஒரு புள்ளடி (X). அந்தக் கட்சியின் வேட்பாளர்களில் அதிகபட்சம் மூன்று பேருக்கு, அவர்களின் இலக்கத்தின் மேல் புள்ளடி. இந்த இலக்கப் புள்ளடிதான் விருப்பு வாக்கு, அதைப் போடாமலும் விடலாம்.

மூன்றுக்கு மேல் விருப்பு வாக்குப் போட்டால் விருப்பு வாக்குத்தான் போகும், கட்சிக்குப் போட்டது நிற்கும். ஆனால் கட்சிக்குப் புள்ளடி போடாமல் இலக்கத்துக்கு மட்டும் போட்டால் எல்லாமே போச்சு. இந்த ரகச் சீட்டுகளைக் காணும்போது எனக்கு நெஞ்சு பதைத்தது. வேட்பாளரின் இலக்கத்தை மனப்பாடம் பண்ணிக்கொண்டு வந்து, அதைத் தேடிப் பிடித்துக் கவனமாகப் போட்டிருக்கிறார்கள். எந்தக் கட்சியின் 4 என்று சீட்டில் இல்லை.

அடுத்த ரகம், இரண்டு மூன்று கட்சிகளுக்கு நேரே அடையாளம். ஒரு சீட்டை ஒதுக்கியபோது பக்கத்தில் நின்ற வயதான முகவர் ஒருவர், “பிள்ளை, அது எங்கட கட்சிக்குத்தானே விழுந்திருக்கு, ஏன் கழிக்கிறீங்கள்?” என்றார். மேசைக்குப் பொறுப்பானவர் சீட்டை முழுதாக விரித்து, “ஐயா, கீழையும் ஒண்டு இருக்குப் பாருங்கோ” என்று காட்டினார். முகவர் வேறொன்றும் பேசவில்லை.

செப்ரெம்பர் 21இல் ஜனாதிபதித் தேர்தல் நடந்தது. அதில் 1, 2, 3 என்று மூன்று பேருக்கு விருப்பத்தெரிவு போடலாம். அதே மக்கள் எட்டுக் கிழமைக்குள் வேறு விதி கொண்ட சீட்டைக் கையில் வாங்கினார்கள். குழப்பத்துக்கு இது பெரிய காரணம் என்பது என் எண்ணம். எங்கள் மாவட்டத்தில் நிராகரிக்கப்பட்ட வாக்குகள் 32,000ஐத் தாண்டின. ஒரு ஆசனத்தை வென்ற 17ஆம் இலக்கச் சுயேச்சைக் குழு பெற்றதே 27,855 வாக்குகள்தான்.

ஆசனம் பங்கிடும் கணக்கைப் பலர் என்னிடம் கேட்டார்கள். தேசிய மக்கள் சக்திக்கு 80,830 வாக்கு, மூன்று ஆசனம். தமிழரசுக் கட்சிக்கு 63,327 வாக்கு, ஒரேயொரு ஆசனம். இதென்ன நியாயம் என்று கேட்கிறார்கள். முதலில், செல்லுபடியான வாக்கில் 5 சதவீதம் எடுக்காதவர்கள் கணக்கிலிருந்து நீங்குவார்கள். முதலிடம் வந்தவருக்கு ஒரு போனஸ் ஆசனம். மிச்சம் ஐந்து. மிஞ்சி நின்ற ஆறு பட்டியல்களின் வாக்கு 240,000 சொச்சம். அதை ஐந்தால் பிரித்தால் ஏறத்தாழ 48,000. அந்த அளவைத் தாண்டியவர்கள் இரண்டு பேர்தான், ஆளுக்கு ஒன்று. இன்னும் மூன்று இருக்கிறது. அவை மீதி வாக்கு கூடியவர்களுக்குப் போகும், 48,000ஐ எட்டாதவர்களுக்கு எடுத்த வாக்கு முழுதும் மீதிதான். தேசிய மக்கள் சக்தியின் மீதி கிட்டத்தட்ட 32,800, தமிழ்க் காங்கிரசுக்கு 27,986, சுயேச்சை 17க்கு 27,855. தமிழரசின் மீதி 15,000 சொச்சம்தான். 22,513 எடுத்த சங்குச் சின்னத்துக்காரரான ஜனநாயக தமிழ்த் தேசியக் கூட்டணிக்கும் எட்டவில்லை.

அப்பா காலத்தில் கணக்கு இப்படியில்லை. தொகுதிக்குத் தொகுதி வாக்குக் கூடியவர் வெற்றி, அவ்வளவுதான். தெற்கில் யானையும் (ஐக்கிய தேசியக் கட்சி) கையும் (சுதந்திரக் கட்சி) மாறி மாறி ஆட்சி பிடித்தன. 1977இல் ஐக்கிய தேசியக் கட்சி ஏறத்தாழப் பாதி வாக்கோடு 168இல் 140 ஆசனங்களை அள்ளியது. நூற்றுக்கு முப்பதுக்குக் கிட்ட வாக்கெடுத்த சுதந்திரக் கட்சிக்குக் கிடைத்தது 8. வடக்குக் கிழக்கில் மட்டும் பலமாக நின்ற உதயசூரியன், அதாவது தமிழர் விடுதலைக் கூட்டணி, 18 ஆசனத்தோடு எதிர்க்கட்சியாகி, அமிர்தலிங்கம் எதிர்க்கட்சித் தலைவரானார். இரண்டு பெரிய கட்சிகள் மோதும் தொகுதி முறையில், பரவலாக விழுந்த வாக்கு ஆசனமாகாது. இன்றைய முறைக்குக் குறை உண்டு, ஆனாலும் அந்த 1977 கணக்கைவிட இது மக்களின் வாக்குக்குக் கிட்டப் போகிறது என்றுதான் நான் நினைக்கிறேன்.

கட்சி வாக்கு முடிந்தபின் விருப்பு வாக்கு எண்ணத் தொடங்கும். அதுதான் மெத்தக் களைப்பு. ஒரே கட்சிக்குள் யார் உள்ளே, யார் வெளியே என்பதை அதுதான் தீர்மானிக்கும், அதனால் முகவர்களும் கண் வெட்டாமல் நிற்பார்கள்.

2025 மே 6 உள்ளூராட்சித் தேர்தலில் ஒரு புள்ளடி மட்டுந்தான், விருப்பு வாக்கு இல்லை, மறுபடியும் வேறு விதி. அடுத்த பாராளுமன்றத் தேர்தலுக்கு முன்னே ஒவ்வொரு கிராம அலுவலர் பிரிவிலும், சனசமூக நிலையங்களிலும் மாதிரிச் சீட்டு வைத்து, வயதானவர்களைக் கையாலேயே ஒருமுறை போட்டுப் பார்க்கவிட வேண்டும். “முதலில் கட்சிக்கு, பிறகு இலக்கத்துக்கு” என்று சொல்லிக் கொடுக்க ஐந்து நிமிடம் போதும். எங்கள் ஒழுங்கையில் நான் ஒரு தாளில் கீறிக் காட்டத் தொடங்கிவிட்டேன்.