மாமாவின் சளி சுங்கை பூலோ வரை போன கதை

சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டத்தில் செம்பனைக் குலை வெட்டியே காலம் தள்ளியவர் என் தாய்மாமா. பல வருடங்களுக்கு முன் டிபி (காசநோய்) வந்து, மருந்தைப் பாதியில் விட்டுவிட்டார். "இருமல்தான் நின்னுருச்சே, அப்புறம் எதுக்கு மாத்திரை?" என்பது அவர் கட்சி. போன வருடம் இருமல் திரும்பி வந்தது. சாயங்காலமானால் காய்ச்சல். கைலி இடுப்பில் நிற்கவில்லை.

அரசாங்கக் கிளினிக்கில் டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "முன்பு டிபி மருந்து சாப்பிட்டதுண்டா?" மாமா இல்லை என்று தலையாட்டப் பார்த்தார். நான் உண்டு என்றேன். பிறகு நடந்தது முழுக்க அந்தப் பதிலால்தான். மருந்தைப் பாதியில் விட்டவர்களிடம் மருந்துக்கு அடங்காத கிருமி இருக்க வாய்ப்பு அதிகம் என்பதால் சோதனை ஆழமாகப் போகும்.

சளிச் சோதனைக்கு முதலில் கொடுத்த டப்பாவில் இருந்தது வெறும் எச்சில். மிசி (நர்ஸ்) திருப்பிக் கொடுத்துவிட்டார். "மாமா, காலையில எழுந்ததும் தண்ணியில வாயைக் கொப்பளிச்சுட்டு, வீட்டுக்கு வெளியே நின்னு நல்லா மூச்சை இழுத்து இருமுங்க. நெஞ்சுச் சளி வரணும்." அடுத்தது சரியாக வந்தது. மைக்ரோஸ்கோப்பிலேயே கிருமி தெரிந்தது. ஒரு மில்லிலிட்டர் சளியில் ஏறக்குறைய 10,000 கிருமிகளாவது இருந்தால்தான் அதில் தெரியும். அப்படியானால் மாமாவிடம் தாராளமாகவே இருந்திருக்கிறது.

அதே சளியை ஜீன்எக்ஸ்பெர்ட் கருவிக்கும் அனுப்பினார்கள். உலகச் சுகாதார நிறுவனம் 2010-இல் பரிந்துரைத்த சோதனை இது. கெட்டியான சளியை மருந்து ஊற்றிக் கரைத்து, ஒரு சின்னப் பெட்டியில் விட்டுக் கருவிக்குள் வைத்தால், கிருமியின் டிஎன்ஏவைப் பெருக்கி இரண்டு மணி நேரத்தில் பதில் சொல்லிவிடும். முடிவு: டிபி உண்டு, ரிஃபாம்பிசின் என்ற முக்கிய டிபி மருந்துக்குக் கிருமியிடம் எதிர்ப்பு இல்லை.

வீட்டில் ஒரே நிம்மதி. அத்தை கோயிலுக்கே கிளம்பிவிட்டார். டாக்டர் மட்டும் முகம் மலரவில்லை. அந்தக் கருவி பார்ப்பது ஆர்பிஓபி என்ற மரபணுவின் ஒரு சிறு துண்டை மட்டும்தான், 81 டிஎன்ஏ எழுத்து நீளம். ரிஃபாம்பிசினுக்கு அடங்காத கிருமிகளில் மிகப் பெரும்பாலானவற்றின் மாற்றம் அங்கேதான் இருக்கும். ஆனால் இன்னொரு முக்கிய மருந்தான ஐசோனியாசிட்டைப் பற்றி அது வாயே திறக்காது. மாமாவுக்கு அவர் பாணியில் சொன்னேன்: ஒரு நிரையை மட்டும் பார்த்துவிட்டு மொத்தத் தோட்டத்துக்கும் கணக்கு எழுதினால் மண்டோர் (மேற்பார்வையாளர்) விடுவாரா? உடனே புரிந்துகொண்டார்.

அடுத்த சளி சுங்கை பூலோவில் உள்ள தேசியப் பொதுச் சுகாதார ஆய்வகத்துக்குப் போனது. அங்கே லைன் புரோப் சோதனை. பெருக்கிய டிஎன்ஏவை ஒரு நீளப் பட்டையின் மேல் ஓடவிடுவார்கள். மரபணு இயல்பாக இருந்தால் அதற்குரிய கோடு விழும். மாறியிருந்தால் அந்தக் கோடு காணாமல் போய், மாற்றத்துக்கான கோடு தெரியலாம். ரிஃபாம்பிசினோடு ஐசோனியாசிட்டுக்கான கேட்ஜி, ஐஎன்எச்ஏ ஆகிய மரபணு இடங்களையும் இது பார்க்கும். வேலை ஓரிரு நாள்தான். அனுப்புவதும் முடிவு திரும்பி வருவதும்தான் இழுக்கிறது. அந்த இடைவெளியில் அத்தை என்னிடம் கேட்ட கேள்விகளை எழுதினால் தனிப் புத்தகம் ஆகும்.

முடிவு வந்தது. கேட்ஜியில் மாற்றம். ஐஎன்எச்ஏவில் மட்டும் என்றால் எதிர்ப்பு பெரும்பாலும் லேசாக இருக்கும், அளவைக் கூட்டிப் பார்க்கலாமாம். கேட்ஜி என்றால் பெரும்பாலும் கடுமையான எதிர்ப்பு. ஐசோனியாசிட்டை எடுத்துவிட்டு லெவோஃபிளாக்சசின் என்ற மருந்தைச் சேர்த்தார்கள். மற்ற மூன்று மருந்தும் தொடர்ந்தன. தினமும் கிளினிக்குக்குப் போய் மிசியின் கண் முன்னால்தான் விழுங்க வேண்டும். மாமாவுக்கு இது தேவைதான் என்பது என் அபிப்பிராயம். சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போனதும் பயந்தார். ரிஃபாம்பிசினின் வேலை, பரவாயில்லை.

சளியில் உள்ள கிருமியை ஆய்வகத்தில் வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் சோதனையின் முடிவு வர வாரக்கணக்கானது. இந்தக் கிருமி ஒன்று இரண்டாகவே ஏறக்குறைய ஒரு நாள் எடுத்துக்கொள்ளும், எப்படி வேகமாக வரும்? அதுவும் அதே விடையைத்தான் சொன்னது.

இடையில் மாமா, "அந்த ரெண்டு மணி நேர மெஷின்லயே இன்னொரு தடவை பாத்துட்டா குணமானது தெரிஞ்சிரும்ல?" என்றார். தெரியாது. செத்த கிருமியின் டிஎன்ஏவையும் அது உண்டென்றே காட்டும். குணமாகிறதா என்று பார்க்க மறுபடியும் மைக்ரோஸ்கோப், கல்ச்சர்தான்.

வீட்டில் எல்லோருக்கும் பரிசோதனை நடந்தது. பேரனுக்கு நோய் இல்லை, ஆனால் கிருமி தொற்றியிருந்தது. தடுப்பு மருந்தாக வழக்கமாகக் கொடுப்பது ஐசோனியாசிட். தாத்தாவின் ரிப்போர்ட்டை முன்னால் வைத்துப் பார்த்ததால் அவனுக்கு அதைத் தவிர்த்து, ரிஃபாம்பிசின் 4 மாதத்துக்கு எழுதினார்கள்.