குறைந்த சிப்ஸில் வரும் ஆல்-இன்: கால் செய்யும் முன் போடவேண்டிய கணக்கு

போக்கர் டோர்னமென்டில் எதிராளி மிச்சமிருக்கும் சிப்ஸ் முழுவதையும் தள்ளியதும் (ஆல்-இன்), ஈடாகப் போடுவதா (கால்), விலகுவதா (ஃபோல்ட்) என்று முடிவெடுக்கப் பலரும் முதலில் பார்ப்பது தங்கள் கையிலுள்ள இரண்டு சீட்டை. அதைக் கடைசியில் பார்த்தால் போதும். கிங்-7 ஆஃப்சூட் (இரண்டும் வேறு வேறு இனம்) நல்ல கையா என்று தனியாகக் கேட்டால் அதற்குப் பதிலே கிடையாது.

முதலில் விலை. சீட்டு வரும் முன்பே இருவர் கட்டாயமாகப் போடும் பிளைண்ட் 1,000/2,000 (ஸ்மால், பிக்), பிக் பிளைண்ட் மேசை முழுவதற்குமாகக் கூடுதலாகப் போடும் ஆன்ட்டி 2,000 என்று வையுங்கள். பட்டனில், அதாவது ஸ்மால் பிளைண்டுக்கு முந்தைய இடத்தில், இருப்பவர் 16,000-க்கு ஆல்-இன், ஸ்மால் பிளைண்ட் ஃபோல்ட், நீங்கள் பிக் பிளைண்ட். பாட்-இல், அதாவது நடுவே சேர்ந்த சிப்ஸில், 16,000 + 1,000 + 2,000 + 2,000, ஆக 21,000. நீங்கள் இன்னும் போடவேண்டியது 14,000. கால் செய்தால் பாட் 35,000. 14-ஐ 35-ஆல் வகுத்தால் 40 சதவீதம். அவ்வளவு வெற்றி வாய்ப்பு இருந்தால் சிப்ஸ் கணக்கில் நட்டமில்லை. ஆன்ட்டியைச் சேர்க்க மறந்தால் இதுவே 42-க்கு மேல் போய்விடும். கால் செய்யவேண்டிய சில கைகளை வீணாகத் தூக்கிப் போடுவோம். அவர் 8,000 மட்டும் தள்ளியிருந்தால் 32 சதவீதம் போதும். 4,000 என்றால் வெறும் 18. ஏஸ்-கிங்குக்கு எதிராக 7-2-க்கே மூன்றில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. ஆகவே அந்த விலையில் சீட்டைப் பார்க்காமலே கால் செய்யலாம்.

அடுத்து, அவர் எந்தெந்தக் கைகளோடு தள்ளுவார்? எட்டு பிக் பிளைண்ட் அளவு சிப்ஸோடு (இங்கே 16,000) பட்டனில் இருக்கும் தேர்ந்த ஆட்டக்காரர் ஏறக்குறைய 40 சதவீதக் கைகளைத் தள்ளுவார். அந்தத் தொகுப்புக்கு எதிராகக் கிங்-7-க்குச் சுமார் 43 சதவீதம் கிடைக்கும், கால். ஒன்பது பேர் மேசையில் முதல் ஆளாகப் பேசுபவர் அதே 16,000-ஐத் தள்ளினால் அவர் கையில் பெரும்பாலும் ஜோடியோ பெரிய ஏஸோ இருக்கும். கிங்-7 அங்கே 35-ஐ ஒட்டித்தான் நிற்கும், ஃபோல்ட். ஒரு மணி நேரமாக ஒரு கைகூட ஆடாதவர் பட்டனிலிருந்து தள்ளினாலும் ஃபோல்ட்தான்.

பரிசுக்கட்டம் நெருங்கினால் இந்தச் சிப்ஸ் கணக்கு போதாது. நான்கு பேர் மிச்சம், பரிசு 50, 30, 20 சதவீதம், எல்லோரிடமும் சமமான சிப்ஸ் என்று கொள்வோம். மொத்தப் பரிசில் ஒவ்வொருவர் பங்கின் மதிப்பும் 25 சதவீதம். ஒருவரோடு முழுச் சிப்ஸையும் வைத்து ஜெயித்தால் சிப்ஸ் இரட்டிப்பாகும், பங்கோ 38.3-தான் ஆகும். தோற்றால் பரிசே இல்லை. 25-ஐ 38.3-ஆல் வகுத்துப் பாருங்கள்: பிளைண்டை ஒதுக்கிவிட்டால் 65 சதவீதம் வேண்டும்! எந்தச் சீட்டோடும் கண்ணை மூடிக்கொண்டு தள்ளுபவருக்கு எதிராகவே ஏஸ்-கிங் ஆஃப்சூட் அந்த 65-ஐத்தான் தொடுகிறது. ஐசிஎம் (சிப்ஸைப் பரிசுப் பங்காக மாற்றிப் பார்க்கும் முறை) என்று சொல்வது இந்தக் கணக்கைத்தான். தள்ளுபவரிடம் உங்களுடையதில் கால்வாசிதான் இருக்கிறதென்றால் தோற்றாலும் வெளியேற மாட்டீர்கள், தேவை நன்றாகக் குறையும். அடுத்த கையில் பிளைண்டிலேயே முடிந்துபோகும் அளவுக்கு இன்னொருவர் இளைத்திருந்தால் தேவை மறுபடி ஏறும். பெரிய டோர்னமென்டுக்கான டிக்கெட் மட்டுமே பரிசாக உள்ள சாட்டிலைட் போட்டியில், சிப்ஸ் வசதியாக இருந்தால், ஏஸ் ஜோடியையே ஃபோல்ட் செய்வது சரியாகும் கட்டங்கள் உண்டு. மனசு கேட்காது, ஆனாலும் செய்யவேண்டும்.

நீங்கள் பிக் பிளைண்டில் இல்லாமல், உங்களுக்குப் பின்னால் ஆட்கள் பாக்கி இருந்தால் கைத்தரம் கூடவேண்டும். உங்களிடமே 20 பிளைண்ட்தான் என்றால் வெறும் கால் வேண்டாம். நீங்களும் ஆல்-இன் போட்டுப் பின்னால் இருப்பவர்களை விரட்டுங்கள். கால் செய்துவிட்டால், பின்னாலிருந்து ஒருவர் மேலே தள்ளும்போது எட்டு பிளைண்டை விட்டுக்கொடுத்து விலகும் நிலை வரும்.

நேரடி மேசையில் இன்னொன்று. வாயைத் திறந்து கால் சொல்வதற்கு முன் டீலரை எண்ணச் சொல்லுங்கள். டிடிஏ (டோர்னமென்ட் டைரக்டர்கள் சங்கம்) விதிப்படி, டீலரோ எதிராளியோ தொகையைத் தவறாகச் சொல்லியிருந்தாலும், கால் சொன்னவர் சரியான முழுத் தொகையையும் போட்டாகவேண்டும். அடுக்கின் பின்னால் ஒரு 5,000 சிப் மறைந்திருந்தால் நீங்கள் போட்ட 40 சதவீதக் கணக்கே மாறிவிடும்.