வாசிக்கப்படாத பக்கம்

நம் நூல் வெளியீட்டு விழாக்களில் பொன்னாடை, வாழ்த்துரை, மதிப்புரை என்று எல்லாம் நீண்டு முடிந்தபின், ஏற்புரைக்கு எழும் எழுத்தாளருக்குப் பத்து நிமிடமே மிஞ்சுகிறது. அதுவும் நன்றி சொல்வதிலேயே கழிந்துவிடுகிறது. அவர் தம் நூலிலிருந்து ஒரு பக்கத்தையாவது தம் குரலில் வாசித்துக் கேட்டது எனக்கு அரிதாகவே வாய்த்திருக்கிறது.

சான் பிரான்சிஸ்கோவில் 1953-இல் தொடங்கப்பட்ட சிட்டி லைட்ஸ் போன்ற புத்தகக் கடைகளில் வாசிப்பே நிகழ்ச்சி: எழுத்தாளர் சில பக்கங்களை வாசிப்பார், கேட்போர் வினவுவர், பிறகு கையெழுத்துக்காக வரிசை நிற்கும். அந்த வரிசையில்தான் (இது என் கணிப்பு) புத்தகம் உண்மையில் விற்கிறது, ஏனெனில் குரலைக் கேட்டவர் மீதிப் பக்கங்களையும் அக்குரலிலேயே படிக்க விரும்புகிறார். 1977 முதல் நடைபெறும் சென்னைப் புத்தகக் காட்சியில், அரங்குகளில் அமர்ந்து கையொப்பமிடும் நம் எழுத்தாளர்களுக்கு ஒரு நாற்காலியும் ஒலிவாங்கியும் தந்தால் போதும்.