மெஷினைக் கண்டாலே ஏறும் பிரஷர்

குலசேகரம் பக்கம் இருபத்தாறு வருடமாக ரப்பர் வெட்டுகிறேன். பால் வாளியைத் தூக்கிக்கொண்டு மேடேறும்போது வலது தொடை இடுக்கில் எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒன்று புடைக்கும். படுத்தால் உள்ளே போய்விடும். போகிறதே என்று இரண்டு வருடம் ஓட்டினேன். நாகர்கோவிலில் சர்ஜன் பார்த்துவிட்டு, "ஹெர்னியா. மாத்திரைக்குச் சரியாகாது, வலை வைத்துத் தைக்கணும். குடல் சிக்கிக்கொண்டால் அவசரமாகத் திறக்க வேண்டி வரும்" என்றார்.

மாசியில் மரம் இலை உதிர்த்துத் தளிர்க்கும், எங்களுக்கு வெட்டு கிடையாது. ஆபரேஷனுக்குப் பிறகு ஒன்றரை மாதம் பாரம் தூக்கக் கூடாது. அப்படியென்றால் மாசிதான் தோது என்று நாள் குறித்தோம்.

ரத்தம், சிறுநீர், ஈ.சி.ஜி., நெஞ்சு எக்ஸ்ரே எல்லாம் சரியாக இருந்தது. பிரஷர் மட்டும் 184/112. பட்டையைக் கையில் சுற்றும்போதே எனக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது. 180-க்கும் 110-க்கும் மேலே இருந்தால் அவசரமில்லாத ஆபரேஷனைத் தள்ளிவைப்பார்களாம். அடுத்த வாரம் போனேன். இந்தத் தடவையாவது குறைய வேண்டுமே என்று வேண்டிக்கொண்டே உட்கார்ந்தால் 188. நாள் தள்ளிப்போனது.

வீட்டில் அதற்குள் ஒரு கூட்டம். தள்ளிப்போனதே நல்ல சகுனம், வேண்டாம் என்று ஒருவர். இடுப்புக்குக் கீழே மரத்துப்போக முதுகில் ஊசி போட்டால் ஆயுசுக்கும் இடுப்பு நிமிராது என்று இன்னொருவர். நலம் விசாரிக்க வருகிறவர்கள் ஏன் ஆளுக்கொரு சாவுக் கதையோடு வருகிறார்களோ! கடைசியில் அம்மைதான், "எல்லாரும் சாயா குடிச்சாச்சில்லா, கெளம்புங்க" என்று விரட்டினாள்.

நெஞ்சில் ஸ்கேன் வைத்து இதயத்தைப் பார்க்கும் எக்கோவும் எடுத்துப் பார்த்துவிட்டுப் பொதுமருத்துவர், "வீட்டில் எவ்வளவு இருக்கு?" என்று கேட்டார். எனக்குத் தெரியாது. இரண்டு வாரம் வீட்டில் பார்த்து எழுதிவரச் சொன்னார். 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் எங்கள் தெருவுக்கு ஒரு தங்கச்சி வருவாள், அம்மைக்குச் சர்க்கரை பார்க்க. அவளிடம் சொன்னேன்.

"அண்ணா, அங்க எப்படிப் போய் உக்காந்திய?" என்று கேட்டாள். தக்கலையில் பஸ் மாறி, இறங்கியதும் கடுப்பமாக ஒரு சாயா, ஒரு பீடி, இரண்டு மாடி ஏறி, மூத்திரத்தை அடக்கிக்கொண்டு, நர்ஸிடம் என் கதையைச் சொல்லிக்கொண்டே கையை நீட்டினேன் என்றேன். சிரித்துவிட்டாள். இதில் ஒவ்வொன்றும் பிரஷரைக் கொஞ்சம் ஏற்றுமாம். பார்ப்பதற்கு அரை மணி நேரம் முன்னால் சாயா, பீடி கூடாது. மூத்திரம் போய்விட்டு வந்து, முதுகைச் சாய்த்து, கால் இரண்டும் தரையில் படும்படி அஞ்சு நிமிடம் சும்மா இருக்க வேண்டும். கை நெஞ்சு உயரத்தில் மேசைமேல் இருக்க வேண்டும். பட்டை இறுகும்போது பேசவே கூடாது. அப்படி உட்கார்ந்து பார்த்தால் 134/84! எனக்கே நம்பிக்கை வரவில்லை. மச்சினனின் மெஷினை இரவல் வாங்கிக் காலையும் மாலையும் எழுதினேன்.

அந்த நோட்டை மயக்க டாக்டரம்மா புரட்டியபோது, "இதென்ன, 14 கிலோ, 17 கிலோ?" என்று முழித்தார். முன்பக்கம் ஒட்டுப்பால் (மரத்தில் உறைந்து ஒட்டும் ரப்பர்) கணக்கு, பின்பக்கம்தான் பிரஷர். திருப்பிக் காட்டினேன். இரண்டு வார எண்களையும் பார்த்துவிட்டு, "உங்களுக்கு ஆஸ்பத்திரிக்குள் நுழைந்தால்தான் ஏறுகிறது. ஆபரேஷன் செய்யலாம்" என்றார். அப்புறம், "எதற்குப் பயப்படுகிறீர்கள்?" என்று கேட்டார். அதுவரை ஒருவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. "கால் மரத்துப்போய்த் திரும்பி வராவிட்டால்? மலையேறிப் பிழைக்கிறவன்" என்றேன். மருந்தின் வேகம் சில மணி நேரத்தில் தானாக இறங்கிவிடும், சாயங்காலத்துக்குள் பெருவிரலை ஆட்டுவீர்கள் என்றார். சிலருக்குத் தலைவலி வரும், வந்தால் சொல்லுங்கள், மருந்து இருக்கிறது என்றும் மறைக்காமல் சொன்னார். ஒன்றும் ஆகாது என்று சொல்லியிருந்தால் நான் நம்பியிருக்க மாட்டேன்.

முந்தின ராத்திரி ஒன்பது மணிக்குப் பயறுக்கஞ்சி குடித்ததோடு சாப்பாடு முடிந்தது. காலை ஆறு வரை தண்ணீர் மட்டும் குடிக்கலாம் என்றார்கள். பழக்கதோஷம், மூன்று மணிக்கே விழித்துவிட்டேன். தோட்டம் என்றால் தலையில் லைட்டைக் கட்டிக்கொண்டு கிளம்பும் நேரம். வார்டில் எல்லோரும் தூக்கம். என் மரங்களை வரிசையாக மனதுக்குள் வெட்டிக்கொண்டே படுத்திருந்தேன். எழுபதாவது மரத்தைத் தாண்டியதாக நினைவில்லை.

மேசையில் படுக்கவைத்ததும் கையில் பட்டை தானாக இறுகியது. தலையைத் தூக்கி, "எவ்வளவு டாக்டர்?" என்று கேட்டேன்.

"146. பேசினால் ஏறும்."

வாயை மூடிக்கொண்டேன்.